துப்பறிய மனமில்லாதவள் கண்வழியே ஒரு துப்பறியும் கதை: ‘கிடியன் த நைன்த்’

நியூசிலாந்து எழுத்தாளர் டாம்சின் மியூரின் முதல் நாவல் ‘கிடியன் த நைன்த்’ 2019 செப்டம்பரில் வெளிவந்தது. மறு ஆண்டே சிறந்த முதல் நாவலுக்கான லோகஸ் விருதும் கிராஃபோர்ட் விருதும் அதற்குக் கிடைத்தன. அறிவியல் புனைவு, மாயப்புனைவுக்கான பெரிய விருதுகளான ஹியூகோ, நெபுலா இரண்டின் இறுதிப் பட்டியலிலும் இடம்பிடித்தது. இத்தனை கொண்டாடப்பட்ட புத்தகத்தை நூறு பக்கம் படித்துவிட்டு மூடி வைத்தவர்களும் ஏராளம். இரு தரப்பும் சுட்டிக்காட்டுவது ஒரே விஷயங்களைத்தான்: நாயகியின் பேச்சு நடை, பெயர்களின் நெரிசல், மெதுவான முதல் பாதி, விளக்காமல் விட்டுப்போகும் உலகம். ஒருவருக்கு நூலைப் பிடிப்பதற்கான காரணமே இன்னொருவர் அதைக் கீழே வைப்பதற்கும் காரணமாகிறது. இத்தனைக்கும் வேர் ஆசிரியர் எடுத்த ஒரே ஒரு முடிவு. அது பிடிபட்டால் இந்த நாவல் உங்களுக்கானதா என்று வாங்கும் முன்பே ஓரளவு தெரிந்துவிடும். கொலையாளி யார், யார் யார் சாகிறார்கள் என்பதை இங்கே சொல்லவில்லை.

முதலில் கதைக் களம். பத்தாயிரம் ஆண்டுகளாகச் சாகாமல் ஆளும் பேரரசன் ஒருவன், அவனுக்குக் கீழே ஒன்பது குலங்கள். குலங்களின் தலைவர்கள் நெக்ரோமான்சர்கள்: பிணம், எலும்பு, ஆவி இவற்றைக் கையாளும் மந்திரவாதிகள். ஒவ்வொருவருக்கும் உயிரைக் கொடுத்துக் காக்கும் ஒரு வாள்வீரத் துணை உண்டு, பெயர் கவலியர். விண்கலமும் உண்டு, வாள்சண்டையும் உண்டு. அதனால்தான் இதை அறிவியல் புனைவு என்றும் மாயப்புனைவு என்றும் பிரித்துச் சொல்லாமல் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

நாயகி கிடியனுக்கு வயது 18. வளர்ந்தது ஒன்பதாம் குலத்தின் இருட்டுக் கோளில். அங்கே வயதான துறவிகள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருப்பார்கள், எலும்புக்கூடுகள் வயலில் இறங்கி லீக்ஸ் பயிரிடும். அங்கிருந்து தப்பிக்க அவள் எண்பது தடவைக்கும் மேல் முயன்று தோற்றவள். ஒவ்வொரு முறையும் குறுக்கே நிற்பது அவளைவிட ஒரு வயது இளையவளான குலத்தலைவி ஹாரோஹார்க். இருவருக்கும் சிறு வயது முதலே ஜென்மப் பகை. இந்த நிலையில் பேரரசனிடமிருந்து அழைப்பு வருகிறது. எட்டுக் குலங்களின் வாரிசுகளும் தங்கள் கவலியரோடு முதல் குலத்தின் பாழடைந்த கேனன் மாளிகைக்கு வரவேண்டும். அங்கே தேறுகிறவர்கள் லிக்டர் என்னும் சாகாவரம் பெற்ற நிலையை அடைவார்கள். ஹாரோவுடன் போகவேண்டிய கவலியர் இல்லாமல் போக, விடுதலை தருவதாகச் சொல்லி கிடியனையே அழைத்துப்போகிறாள். மாளிகையில் ஒரே ஒரு விதி: அனுமதியில்லாமல் பூட்டிய கதவு எதையும் திறக்கக்கூடாது. பிறகு பிணம் விழத் தொடங்குகிறது.

இந்தக் கதையைச் சுருக்கமாகக் கேட்பவர்கள் மூடிய மாளிகைக் கொலை மர்மத்தை எதிர்பார்த்து வருகிறார்கள். சந்தேகப் பட்டியல், துப்பு, விசாரணை, கடைசியில் எல்லாரையும் கூட்டிவைத்து விளக்கம். மியூர் இதையெல்லாம் வைத்திருக்கிறார். ஆனால் துப்பறிகிறவர்களின் தோளில் கேமராவை வைக்கவில்லை, கிடியனின் தோளில் வைத்திருக்கிறார். கிடியனுக்குப் புதிரில் அக்கறை கிடையாது. ஓர் அறைக்குள் நுழைந்தால் யாருடைய தோள் உறுதியானது, யார் வாளை எப்படிப் பிடித்திருக்கிறார், யார் அழகு என்றுதான் பார்ப்பாள். அறிவாளிகள் பேசும்போது பாதியில் கவனம் கலைந்துவிடும். போதாக்குறைக்கு, வாயைத் திறந்தால் போலி கவலியர் என்று தெரிந்துவிடும் என்பதால் மௌன விரதம் இருப்பதுபோல நடிக்கச் சொல்லியிருக்கிறாள் ஹாரோ. அதனால் முதல் பாதி முழுக்க அவளால் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. முகத்தில் மண்டையோட்டுச் சாயம், அதன்மேல் கறுப்புக் கண்ணாடி, வாய்க்குப் பூட்டு. துப்பறியும் கதையின் கண்ணாக ஆசிரியர் தேர்ந்தெடுத்திருப்பது இவளைத்தான்.

“துப்பே தரவில்லை, கடைசியில் திடீரென்று ஒருவரைக் காட்டி இவர்தான் என்கிறார்” என்று சிலர் கோபப்படுவதும், “எல்லாமே கண்முன் இருந்தது, நாம்தான் பார்க்கவில்லை” என்று மற்றவர்கள் மெய்சிலிர்ப்பதும் இதனால்தான். துப்பு இருக்கிறது. ஆனால் கிடியன் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது வாக்கியத்தின் ஓரத்தில் அது கடந்துபோகிறது. துப்பறியும் கதையில் துப்பைக் கொஞ்சம் அழுத்திக் காட்டும் வழக்கம் உண்டு. ஒரு பாத்திரம் புருவத்தை உயர்த்தும், பத்தி அங்கே முடியும். இங்கே அந்த அடையாளம் எதுவும் கிடையாது. மர்மக் கதையை விதிப்படி விளையாடிப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாகத் தெரிவதில் தவறில்லை. என் கணக்கில் ‘யார்’ என்ற கேள்விக்கு நூல் நேர்மையாகவே நடந்துகொள்கிறது. ‘ஏன்’ என்ற கேள்விக்கு அப்படிச் சொல்ல முடியாது. கொலைகளின் காரணம் மாளிகைக்கு வெளியே, பேரரசின் பழைய கணக்கில் இருக்கிறது. அதை ஊகிக்கத் தேவையான செய்திகள் வாசகரிடம் முன்கூட்டி வந்து சேரவில்லை. கொலையாளியே வாய் திறந்து சொல்லும்போதுதான் தெரிகிறது. அந்த இடத்தில் குறை சொல்பவர்களோடு நான் முழுதாக உடன்படுகிறேன்.

பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். பாதியில் வைத்தவர்கள் சொல்லும் முதல் காரணம் இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. இரண்டாம் குலம் முதல் ஒன்பதாம் குலம் வரை எட்டு ஜோடிகள். மூன்றாம் குலத்தில் இரட்டைச் சகோதரிகள் என்பதால் கூடுதலாக ஒருவர். ஆக 17 விருந்தாளிகள், போதாததற்கு மாளிகைப் பூசாரிகள் மூவர். இருபது பேரும் ஓரிரு அத்தியாயங்களுக்குள் வந்து இறங்குகிறார்கள். ஒருவரையே முதல் பெயர், குலப்பெயர், குல எண், பட்டம் என்று நாலு விதமாக அழைப்பார்கள்.

இதற்கு ஆசிரியர் வைத்திருக்கும் சாவி குலப்பெயருக்குள் ஒளிந்திருக்கும் எண். பென்ட் என்றால் ஐந்து, செக்ஸ்டஸ் ஆறு, செப்டிமஸ் ஏழு, ஆக்டகிசெரோன் எட்டு, நோனகெசிமஸில் ஒன்பது. டெட்டாரஸ், டியூட்டரஸ் ஆகியவை கிரேக்க மொழியின் நாலும் இரண்டும். நம் வாசகர்களுக்கு மூன்று பெயர்கள் இன்னும் சுலபம். நாலாம் குலத்துக் கவலியரின் பெயர் ஜீன்மேரி சதுர், எட்டாம் குலத்தவர் கோலம் அஷ்ட், நாயகியோ கிடியன் நவ். சதுர்யுகம், அஷ்டலட்சுமி, நவகிரகம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய எண்கள்தான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வாசகர் அகராதியைப் புரட்டவேண்டிய இடத்தில் நமக்குக் காதிலேயே விடை ஒலிக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு படித்தால் பாதிக் குழப்பம் தீரும். மீதிக்கு, நூலின் தொடக்கத்தில் இருக்கும் பாத்திரப் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிண்டிலில் முன்னும் பின்னும் தாவுவது எரிச்சல் தரும். நெக்ரோமான்சர் இடது பக்கம், கவலியர் வலது பக்கம், நடுவில் குல எண் என்று எட்டு வரி போதும். மாளிகையில் வைக்கப்படும் சோதனைகளில் தேறினால் பூட்டிய அறைகளின் சாவி கிடைக்கும். யாரிடம் எத்தனை சாவி இருக்கிறது என்பதையும் அதே தாளில் குறித்துவந்தால் பின்பாதி நன்றாகப் பிடிபடும், ஏனென்றால் மாளிகைக்குள் நடக்கும் பேரமும் சண்டையும் பெரும்பாலும் சாவிக்காகத்தான்.

மந்திரத்தின் விதிகள் ஓரிடத்தில் உட்காரவைத்து விளக்கப்படுவதில்லை. அதனால் இரண்டு சொற்களை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. தாலர்ஜி என்பது உயிரின் ஆற்றல், தானர்ஜி என்பது சாவின் ஆற்றல். ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் வேகமாகப் படிப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகவே வாசித்துவிட்டு, பின்னால் வரும் விளக்கம் புரியவில்லை என்கிறார்கள். உயிர் பிரியும்போது தானர்ஜி வெளிப்படும், நெக்ரோமான்சர் அதைத்தான் எரிபொருளாக்குகிறார். எதுவும் வாழ்ந்து சாகாத வெட்டவெளியில், விண்கலத்தில், அவர்கள் பலமிழந்து போவது இதனால்தான். அவர்கள் உடம்பு ஒடிசலாக இருக்க, வாள் தூக்க இன்னொருவர் ஏன் கூடவே வேண்டும் என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஹாரோவின் துறை எலும்பு. அங்கிப் பையிலிருந்து ஒரு சிட்டிகை எலும்புத் துண்டை எடுத்து வீசினால் அது முழு எலும்புக்கூடாக எழுந்து நிற்கும். அதனால் தொடையெலும்பு, தோள்பட்டை எலும்பு, விரலெலும்பு எல்லாவற்றுக்கும் மருத்துவப் பெயர்கள் பத்தி பத்தியாக வரும். ஒரு டஜன் எலும்புப் பெயர்களைத் தெரிந்துகொண்டால் சண்டைக் காட்சிகளில் எது எங்கிருந்து முளைக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

மெதுவான முதல் பாதி பற்றிய புகாரை நான் ஓரளவுதான் ஏற்கிறேன். முதல் பிணம் விழுவது நூலின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிய பிறகுதான். அதுவரை ஹாரோ எங்கோ மறைந்துவிட, கிடியன் பேச்சில்லாமல் தாழ்வாரங்களில் அலைகிறாள், சாப்பிடுகிறாள், வாள் பழகுகிறாள். கதை நகரவில்லை என்ற எண்ணம் வரத்தான் செய்யும். ஆனால் ஆசிரியர் அந்தப் பக்கங்களில் செய்யும் காரியத்துக்கு ஓர் உதாரணம், ஐந்தாம் குலத்துத் தம்பதி கொடுக்கும் விருந்து. அபிகெயில் பென்ட்டும் அவள் கணவன் மேக்னஸ் க்வின்னும் தங்கள் திருமண நாளுக்கு எல்லாரையும் முறையாகக் கூப்பிடுகிறார்கள். ஒருவரையொருவர் நம்பாத வாரிசுகள் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். மேக்னஸ் சொத்தை ஜோக்குகளாக அடுக்க, நாலாம் குலத்துச் சிறுவனும் சிறுமியும் மானம் போவதுபோலத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். யாருமே மதித்திராத கிடியனிடம் அந்த மனிதர் காட்டும் சாதாரண அன்பு ஒன்றுதான் அவளை அந்தக் கூட்டத்தோடு சேர்க்கிறது. யார் யாரோடு பேசுகிறார், யார் எதைக் கேட்டதும் அமைதியாகிறார் என்பதெல்லாம் அந்த மேசையில் இருக்கிறது. விருந்து முடிந்த அதே இரவில் முதல் பிணம். அந்த அத்தியாயத்தைச் சாப்பாட்டுக் காட்சி என்று தாண்டிப் படித்தவர்களுக்கு அதன் பிறகு வரும் சாவுகள் எதுவும் வலிக்காது. வலிக்காவிட்டால் இந்த நாவலில் மிச்சம் அதிகமில்லை.

மாளிகையின் நிலவறையில் இருக்கும் சோதனைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். “வீடியோ கேம் மாதிரி ஒவ்வொரு லெவலாக முடித்துச் சாவி வாங்குகிறார்கள்” என்பது பரவலான புகார். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான். முதல் பெரிய சோதனையை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டு அறைகள். நெக்ரோமான்சர் ஒன்றுக்குள் போனால் மற்றதில் கதவு பூட்டிக்கொண்டு ஒரு பிரம்மாண்டமான எலும்பு உருவம் எழும். ஹாரோ தன் எலும்புக்கூடுகளை அனுப்பி அனுப்பித் தோற்கிறாள், மயங்கி விழும்வரை தனியாகவே முயல்கிறாள். கடைசியில் கிடியனை உள்ளே அனுப்பி, அவள் கண்வழியே தான் பார்க்கத் தொடங்கும்போதுதான் அந்த உருவத்தில் எங்கே அடிக்கவேண்டும் என்பது தெரிகிறது. பரிசு ஒரு சாவி. அது திறக்கும் அறையில் ஒரு தேற்றம், அதாவது மந்திரத்தின் ஒரு விதி. வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டுக் கட்டம் தாண்டியது போலத்தான். ஆனால் இருவர் ஒருவருக்குள் ஒருவர் இறங்குவது எப்படி என்பதற்கான முதல் பாடம் அது. அடுத்தடுத்த சோதனைகளில் பாடம் கடுமையாகிறது, கவலியரின் உடம்பு கொடுக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது. எல்லாத் தேற்றங்களையும் சேர்த்துவைத்தால் லிக்டர் ஆவது என்றால் என்ன என்பது தெரியும். நாவலின் உண்மையான மர்மம் அதுதான், கொலை இரண்டாவது. அதைப் பிடித்தவர்களுக்குக் கடைசி நூறு பக்கம் நெஞ்சை அடைக்கும். சாவி எண்ணிக்கையை மட்டும் பின்தொடர்ந்தவர்களுக்கு அது நீண்ட சண்டைக் காட்சியாக முடிந்துபோகும்.

பேச்சு நடையில்தான் கருத்து வேறுபாடு உச்சத்துக்குப் போகிறது. கல்லறை, மெழுகுவர்த்தி, பத்தாயிரம் ஆண்டுச் சாபம் என்று கனத்த வர்ணனை ஓடிக்கொண்டிருக்கும்போதே கிடியன் இன்றைய இணையத்து இளசுகள்போல மீம் பாணியில் ஒரு கிண்டலைப் போடுவாள், இரட்டை அர்த்தத்தில் ஒரு வரி விடுவாள். சிலருக்கு அந்த நொடியில் மாளிகையே இடிந்து விழுகிறது. சாவும் பக்தியும் தவிர வேறெதுவும் இல்லாத கோளில் வளர்ந்த ஒருத்தி கைக்கு எட்டியதையெல்லாம் கிண்டலடித்துத்தான் உயிரோடு இருந்திருக்கிறாள் என்று பார்த்தால் அந்த நடை அவளுடைய கவசம். பயம் கூடக் கூட ஜோக்கும் கூடுவதைக் கவனியுங்கள். தொடரின் பின் நூல்களில் பேரரசன் யார் என்பது வெளிவரும்போது அந்த உலகத்தில் நம் காலத்துப் பேச்சு எப்படி மிஞ்சியது என்பதற்கும் விடை கிடைக்கிறது. ஆனாலும் முதல் நூலுக்குக் காசு கொடுத்தவர் மூன்றாம் நூல்வரை காத்திருக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் இரண்டு அத்தியாயங்களைப் படித்துப் பாருங்கள். அதில் இருக்கும் நடைதான் கடைசிவரை. அங்கே பல்லைக் கடித்தீர்கள் என்றால் நானூறுக்கும் மேற்பட்ட பக்கங்களுக்குக் கடிக்கவேண்டியிருக்கும், அப்போது விட்டுவிடுவதே நல்லது.

அட்டையில் எழுத்தாளர் சார்ல்ஸ் ஸ்ட்ராஸின் பரிந்துரை ஒன்று இருக்கிறது. விண்வெளியில் ஒரு பேய் மாளிகை, அதைச் சுற்றிப்பார்க்கும் தன்பாலீர்ப்புள்ள பெண் நெக்ரோமான்சர்கள் என்ற பொருளில். நூல் பலரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததே அந்த ஒற்றை வரியால்தான், ஏமாற்றத்துக்கும் அதுவே வழிவிட்டது. கிடியனின் கண் பெண்கள்மீதுதான் போகிறது, அதை நாவல் ஒரு பிரச்சினையாக்காமல் இயல்பாக எடுத்துக்கொள்வது அழகு. ஆனால் இது காதல் கதை கிடையாது. கிடியனுக்கும் ஹாரோவுக்கும் நடுவில் இருப்பது சிறு வயது முதலான கொடுமை, குற்ற உணர்வு, பிறகு ஒரு நீச்சல் குளத்தில் தோய்ந்த உடையோடு நின்றபடி சொல்லப்படும் ஒரு உண்மை. நூலிலேயே மிகச் சிறந்த அத்தியாயம் அதுதான். முத்தமும் சேர்க்கையும் தேடி வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். ஹாரோ கிடியனை நடத்தும் விதம் ஆரம்பத்தில் அப்பட்டமான கொடுமை. நூல் அதை எளிதாக மன்னித்துவிட்டது என்று சில வாசகர்கள் வருந்துவதைத் தள்ளிவிட முடியாது. வன்முறையும் ரத்தமும் எலும்பும் தசையும் விவரமாக வரும், சிறு வயதினரும் அதற்குத் தப்புவதில்லை. அது தாங்காதவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும்.

ஆடியோபுக் சுமார் 17 மணி நேரம், வாசித்திருப்பவர் மொய்ரா குவர்க். இருபது பாத்திரங்களுக்கும் தனித்தனிக் குரல் கொடுக்கிறார். பெயர்களில் தடுமாறுபவர்களுக்கு இதுதான் என் முதல் பரிந்துரை, ஏனென்றால் குரலைக் கேட்டதுமே எந்தக் குலம் என்று தெரிந்துவிடும். ஆனால் பாத்திரப் பட்டியல் கண்முன் இருக்காது, அந்த எட்டு வரித் தாள் அப்போதும் தேவைப்படும். அச்சில் வாங்குவதானால் பெயர் விளக்கமும் உச்சரிப்புக் குறிப்பும் பின்னிணைப்பாக உள்ள பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த நூல் ‘ஹாரோ த நைன்த்’ 2020இல் வந்தது. அதில் பெரும்பகுதி ‘நீ போகிறாய், நீ பார்க்கிறாய்’ என்று முன்னிலையில் எழுதப்பட்டிருக்கும், முதல் நூலில் நடந்தவையே மாற்றிச் சொல்லப்படும். முதல் நூலைக் கொண்டாடியவர்களிலேயே பலர் அங்கே வழுக்கினார்கள். முதல் நூலின் முடிவு மனதில் பசுமையாக இருக்கும்போதே தொடங்குவது நல்லது, இடையில் ஒரு வருஷம் விட்டால் எது மாற்றப்பட்டது என்பதே புலப்படாது. 2022இல் வந்த ‘நோனா த நைன்த்’ முதலில் திட்டத்தில் இல்லாதது. நிறைவு நூலாக அறிவிக்கப்பட்டிருக்கும் ‘அலெக்டோ த நைன்த்’தின் தொடக்கப் பகுதி வளர்ந்து தனி நூலானதுதான் அது. மூன்றையும் சேர்த்து வாங்கிவிட வேண்டாம். ‘கிடியன்’ ஒன்றை முடித்துவிட்டு, கேனன் மாளிகைத் தளத்தில் விண்கலங்கள் வந்து இறங்கும் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள். ஒவ்வொரு கலத்திலிருந்தும் யார் எப்படி இறங்குகிறார், யார் பேசுகிறார், யார் பேசவில்லை என்று மறுபடி பாருங்கள். கிடியன் அப்போதும் வேறு எதையோதான் பார்த்துக்கொண்டிருப்பாள்.